முன் இடது டயர்

“ஒம்பதுங்க்கா” என்றார் டயர்க்கடைக்காரர். குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடியே காற்றுப் பார்க்கும் மீட்டரை வால்வில் இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். அப்போதும் ஒன்பதுதான். “முப்பத்து மூணு இருக்கோணும். எங்கிருந்து ஓட்டீட்டு வர்றீங்க?” ஈரோட்டிலிருந்து என்று சொல்லத்தான் கோகிலவாணி வாயைத் திறந்தாள். “இங்கதானுங்க, பக்கத்துல” என்று வந்து விழுந்தது. விழுந்த பிறகுதான் அது அவள் காதுக்கே கேட்டது. இருபது வருஷமாக ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே நின்றுகொண்டு, இதே குரலை வெளியிலிருந்து அவள் கேட்டு வருகிறாள். மாத்திரை தவறாமப் போடறீங்களா? போடறனுங்க. இனிப்பு? தொடறதே இல்லீங்க. அப்படிச் சொல்கிறவர்களின் கண் ஒரு நொடி கம்பிக்குக் கீழே இறங்கிவிட்டு மேலே வரும். இப்போது தன் கண்ணும் அப்படித்தான் இறங்கி ஏறியிருக்கும், இந்த மனிதர் அதைப் பார்த்திருப்பார் என்று நினைத்தபோது காதோரம் சூடாயிற்று. அவர் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. டயரின் பக்கவாட்டில் புறங்கையை வைத்து எடுத்தார். “கொதிக்குதுங்க” என்றார், குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல், காப்பியைப் பற்றிச் சொல்வதுபோல. “காத்து மட்டும் போதுமுன்னா அடிச்சு உட்டர்றேன். கழட்டி உள்ள பாக்கோணுமுன்னாலும் பாக்கலாம். உள்ள அடி வாங்கியிருந்தா மாத்தறதுதான். யோசிச்சு வெய்யுங்க, அந்த வேனை முடிச்சு உட்டுட்டு வந்தர்றேன்.”

யோசிப்பதற்கு ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. தகரக் கூரையின் நிழல் அதில் பாதியைத்தான் மூடியிருந்தது; வெயில் விழுந்த பாதியில் அவளுடைய வலது முழங்கால் கிடந்தது, நகர்த்திக்கொள்ளத் தோன்றவில்லை. கோபிக்குள் நுழையும் சாலையில் சனிக்கிழமை மதியத்துப் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. எதிரே நாலு எட்டில் வெள்ளைக் கார், இடது பக்கம் லேசாகச் சாய்ந்து, ஒரு காலை ஊன்ற முடியாத ஆள் நிற்பதுபோல நின்றது. அவளுடைய கார் அல்ல. அவளுடையதாக இருந்திருந்தால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஜெசிந்தாவின் கார். பிரசவ வார்டு ஸ்டாப் நர்ஸ் ஜெசிந்தா. காலை ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரி படிக்கட்டில் ஓட்டமும் நடையுமாக வந்து, “வாணிக்கா, புடிங்க, ரிவர்ஸ் மட்டும் கொஞ்சம் கடுக்குன்னு இருக்கும்” என்று உள்ளங்கையில் சாவியைத் திணித்துவிட்டுப் போன ஜெசிந்தா. அந்தச் சாவியை ஐந்து மணிக்கு அவள் டியூட்டி முடிவதற்குள் திருப்பித் தர வேண்டும். நாளைக்குக் காலைப் பூசை முடிந்ததும் அவள் இதே காரில் மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு தாளவாடிக்குப் போகிறாள். தாளவாடி என்றால் திம்பம் மலை ஏற வேண்டும். இருபத்தேழு வளைவு. அதை நினைக்காமல் இருக்கலாமே என்று கோகிலவாணி நினைத்தாள். நினைத்ததுமே இருபத்தேழும் வரிசையாக வந்து நின்றுவிட்டன. காற்றடித்தால் கார் நிமிர்ந்துவிடும். நிமிர்ந்த காரைப் பார்த்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. வீட்டில் அவள் கணவர் குழந்தைவேலுவாலும் சொல்ல முடியாது. நேற்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னது, “அடுத்தவிய வண்டி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பதில் சொல்றது? பஸ்சு ஓடுதல்ல ஈரோட்டுக்கு?” அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். அவர் சாதாரணமாகச் சொல்வார், பிறகு நடக்கும், பிறகு அவர் ஒன்றும் சொல்லாமல் பேப்பரைப் புரட்டுவார். அந்தப் பேப்பர் புரட்டுகிற சத்தம் இந்த வெயிலிலும் இங்கே கேட்டது.

ஒன்பது. சித்தோடு தாண்டும்போது எத்தனை இருந்திருக்கும்? அப்போது சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஸ்டீயரிங் பூ மாதிரி சுற்றியதே. காலையில் போகும்போது பயம். லாரி வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது கடந்ததும் விட்டு, அடுத்த லாரிக்கு மறுபடியும் பிடித்து. கல்லூரி விடுதி வாசலில் தாரணி கண்ணாடிக்குள் குனிந்து, “அம்மா, நெசமாலுமே நீயா ஓட்டீட்டு வந்தே? தனியாவா?” என்று இரண்டு தரம் கேட்டு, தோழிகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். நாற்பத்தைந்தாம் வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு இரண்டு வருஷமாக லைசென்ஸைப் பீரோவில் புடவைக்கடியில் வைத்திருந்தவளை மகள் தோழிகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். முறுக்கு டப்பாவையும் போர்வையையும் கொடுத்து, அவளைக் காரில் கடைவீதி ஒரு சுற்றுச் சுற்றிக்காட்டி இறக்கிவிட்டுத் திரும்பும்போது பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஜன்னலை இறக்கிவிட்டாள். கவுந்தப்பாடி வரும்போது கரும்புப்பால் கொதிக்கிற வாசனை உள்ளே வந்து உட்கார்ந்தது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. பின்னால் யாரும் இல்லை. மருந்து ஜன்னலுக்குள் நீளும் கை இல்லை, மருந்துச் சீட்டு இல்லை, மூணு வேளை சாப்பாட்டுக்கப்பறம் என்று சொல்ல வேண்டியதில்லை, ஏனுங்க இந்தச் செகப்பு மாத்திரை எதுக்குங்க என்று யாரும் கேட்கவில்லை. முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு அவளிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கவுந்தப்பாடியில்தான் வண்டி இடது பக்கம் இழுத்தது. முதலில் ரோடு சரிவு என்று நினைத்தாள். இல்லை, அப்படி நினைத்ததாக இப்போது நினைக்கிறாள். சீரான ரோடு அது, புதிதாகப் போட்டது. கை தானாக வலப்பக்கம் கொஞ்சம் திருப்பிப் பிடித்துக்கொண்டது. அடியில் ஏதோ தொப் தொப்பென்றது. அது பாலத்தின் இணைப்பு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், பாலம் முடிந்த பிறகும் கேட்டபோது ஜன்னலை ஏற்றிவிட்டாள். ஜன்னலை ஏற்றியது ஞாபகம் இருக்கிறது. வாசனை வேண்டும் என்று இறக்கியவள் சத்தம் வேண்டாம் என்று ஏற்றினாள். அப்படியானால் தெரிந்திருக்கிறது. எங்கோ அடியில் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. வழியில் இரண்டு பஞ்சர் கடை, ஒன்று வேப்பமரத்தடியில், டயரில் வெள்ளை பெயிண்ட் அடித்துத் தொங்கவிட்டிருந்தது, இதோ இப்போதும் கண்ணில் தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டே தாண்டினாள். நிறுத்தினால் இறங்க வேண்டும். இறங்கினால் முடிந்துவிடும். இதுபோல ஒரு மதியம் திரும்ப எப்போது வரும்?

வேனிலிருந்து சக்கரம் கழன்று தரையில் உருண்டது. டயர்க்கடைக்காரர் அதைக் காலால் தடுத்து நிறுத்தினார். கம்ப்ரஸர் திடீரென்று ஓடத் தொடங்கி, நாற்காலியின் கால்கள் வழியாக அவள் முதுகுவரை அதிர்ந்து, வந்ததுபோலவே திடீரென்று நின்றது. எழுந்து காருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். டயரில் ரோட்டைப் பிடிக்கிற பட்டன்கள் நன்றாக ஆழமாகவே இருந்தன, தேய்மானமே இல்லை. பக்கவாட்டில் மட்டும் வட்டமாக ஒரு மங்கல், கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தால் தெரிகிற மாதிரி. அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை. ஒண்ணும் ஆகாது. இந்த வார்த்தையை அவள் எத்தனை வாயிலிருந்து கேட்டிருக்கிறாள்! தேதி முடிந்த இருமல் மருந்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், ஒரு மாசந்தானுங்க தாண்டியிருக்குது, குடிச்சா ஒண்ணும் ஆகாதில்லீங்க? வேண்டாமுங்க, வேற தர்றேன் என்பாள். ஆகாதென்றுதான் அவளுக்கும் தெரியும். நூற்றில் தொண்ணூற்றொன்பது ஆகாது. ஆகாததுதான் சிக்கலே. ஒன்று ஆகியிருந்தால் ஆளுக்குப் புத்தி வந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தபோது, காய்ச்சல் குழந்தைக்கு இருநூற்றைம்பது மில்லிகிராம் மாத்திரை கொடுப்பதற்குப் பதில் ஐந்நூறைக் கொடுத்துவிட்டாள். அட்டையின் நிறம் ஒன்றுபோல இருந்தது. அந்த அம்மா படியிறங்கிப் போய்க் கால் மணி நேரம் கழித்து, அலமாரியில் கை வைத்தபோது தெரிந்தது. பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். பஸ் போய்விட்டது. எந்த ஊர் என்றும் தெரியாது. மூன்றாம் நாள் அதே அம்மா அதே குழந்தையோடு தலைவலித் தைலம் வாங்க வந்தாள், குழந்தை இடுப்பில் உட்கார்ந்து கண்ணாடிப் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தது. அரை மாத்திரையாக உடைத்துத்தான் கொடுத்தேன், முழுசாகக் கொடுக்கப் பயமாக இருந்தது என்று அந்த அம்மாவே பேச்சுவாக்கில் சொன்னாள். கோகிலவாணி தைலத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. முதலாளியிடம் சொல்லவில்லை, அப்புறம் குழந்தைவேலுவிடமும் சொல்லவில்லை. இருபத்து மூன்று வருஷம் ஆயிற்று, அந்தக் குழந்தைக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கும். காப்பாற்றியது இவள் இல்லை. அந்த அம்மாவின் பயம் காப்பாற்றியது. ஜெசிந்தாவுக்கு டயரைப் பற்றி என்ன பயம் இருக்கப்போகிறது, அவளுக்குத் தெரிந்தால்தானே பயப்படுவாள்.

நாற்காலிக்குத் திரும்பி வந்தாள். சொல்லிவிட்டால்? இந்த மாதிரி ஆயிருச்சு ஜெசிந்தா, காத்துக் கம்மியா ஓட்டீட்டேன், பாத்துக்க. அவ்வளவுதானே. அதற்கப்புறம் அடுத்த மாதம் தாரணிக்குப் பரீட்சை முடியும்போது சாவி கேட்க வாய் வருமா? கேட்டாலும் ஜெசிந்தா தருவாள், அவள் குணம் அப்படி, தரும்போது ஒரு நொடி கண் கீழே இறங்கும். அது போதும். சொல்லாமல் இவளே புது டயர் போட்டுவிட்டால்? மூன்று டயரில் மண்ணும் ஒன்றில் புதுக் கறுப்புமாக நின்றால் குருடனுக்குத் தெரியும். குழந்தைவேலுவிடமும் மறைக்க முடியாது. காற்றடித்துவிட்டால், நாளை மதியம் அவர்கள் தாளவாடி சேர்கிற வரையில் நெஞ்சுக்குள் ஒரு கல். பிறகு திரும்பி வருகிற வரையில். பிறகு மாதக்கணக்கில், அந்தக் கார் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் நுழையும்போதெல்லாம் முதலில் இடது சக்கரத்தைப் பார்க்கிற ஒரு பழக்கம். ஜெசிந்தாவின் சின்னவனுக்கு வளைவு வந்தால் வாந்தி வரும், அதற்கு மாத்திரை கேட்டு வியாழக்கிழமை ஜன்னலுக்கு வந்திருந்தாள். அரை மாத்திரை, கிளம்பறதுக்கு அரை மணி நேரம் முன்னால் என்று கோகிலவாணிதான் உறையில் எழுதிக் கொடுத்தாள். தூக்கம் வரும், பயப்பட வேண்டாம். பின் சீட்டில் பாட்டி மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பான். பதினோராவது வளைவு, பன்னிரண்டாவது வளைவு, எதிரே கரும்பு ஏற்றிய லாரி. இல்லை. இதை நிறுத்து. காற்றுக் குறைந்து எத்தனை பேர் ஓட்டுகிறார்கள், ஊரில் பாதிக் கார் அப்படித்தான் ஓடுகிறது. ஆமாம், ஆனால் அந்தக் கார்களை இவள் ஓட்டவில்லை. முழங்கால் சுட்டது. இப்போதுதான் நகர்த்திக்கொண்டாள்.

“என்னங்க்கா, அடிச்சு உட்டர்லாமா?” டயர்க்கடைக்காரர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். சட்டைப் பையில் சின்னராசு என்று நூலால் தைத்திருந்தது, இவ்வளவு நேரம் அவள் அதைப் படித்திருக்கவில்லை. “ஈரோட்டுல இருந்து ஓட்டீட்டு வந்தனுங்க” என்றாள் கோகிலவாணி. “கவுந்தப்பாடியில இருந்து இழுத்துச்சு. நிறுத்தாம வந்துட்டேன். கழட்டிப் பாருங்க.” சின்னராசு தலையை மட்டும் ஆட்டினார். ஜாக்கி ஏறியது, நட்டுகள் ஒவ்வொன்றாகக் கீச்சிட்டு இறங்கின. மெஷினில் வைத்துச் சுற்றி டயரை ரிம்மிலிருந்து பிரித்தார். உள்ளே கையை விட்டுச் சுற்றிலும் தடவினார். வெளியே எடுத்த கையை அவள் முன்னால் விரித்தார். “கையை நீட்டுங்க.” நீட்டினாள். உள்ளங்கையில் கறுப்பாகப் பொடி கொட்டியது, கடுகை வறுத்து நுணுக்கியதுபோல, இன்னும் இளஞ்சூடாக. “இது டயரோட ஒடம்புங்க. காத்தில்லாம மடங்கி மடங்கி, உள்பக்கம் தேஞ்சு பொடியாயிருச்சு. இங்க பாருங்க, நூலு தெரியுது.” உள்சுவரில் ஒரு விரல் நீளத்துக்கு ரப்பர் போய் மெல்லிய நூல் தெரிந்தது. வெளியில் அதற்கு நேரே வெறும் மங்கல்தான். “இது ஓடுங்களா?” என்று கேட்டாள். சின்னராசு யோசித்தார். “ஓடுமுங்க. ஊருக்குள்ள ஒரு வருசங்கூட ஓடலாம். நாளைக்கே வெடிச்சாலும் வெடிக்கலாம். நான் பொய் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாதுங்க.”

பொடியைக் கீழே போட மனமில்லாமல் இடது கையில் வைத்துக்கொண்டே வலது கையால் போனை எடுத்தாள். மூன்றாவது மணியில் ஜெசிந்தா எடுத்தாள், பின்னணியில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. “வாணிக்கா, வந்துட்டீங்களா?” “ஜெசிந்தா, டயர்க்கடையில இருக்கறேன். முன்னால இடது பக்க டயருல காத்து எறங்கி…” அவள் முடிக்கவில்லை. “ஐயோ! அதேதானா!” என்றாள் ஜெசிந்தா. குரல் சட்டென்று தணிந்தது. “அக்கா, மன்னிச்சுக்குங்க. அதுல பத்து நாளா காத்து எறங்குது. நாலு நாளைக்கு ஒருக்கா அடிச்சு அடிச்சு ஓட்டீட்டிருந்தேன். காலையில சாவி குடுக்கறப்பச் சொல்லோணும்னுதான் வந்தேன், அதுக்குள்ள லேபர் ரூம்ல கூப்புட்டுட்டாங்க. நீங்க பாட்டுக்கு ஈரோடு வரைக்கும் போய்ட்டீங்க. பகல் பூரா மனசு அடிச்சுக்குது, போன் பண்ணவும் பயம், ஓட்டறப்ப எடுத்துருவீங்களோன்னு. காத்து மட்டும் அடிச்சுக் குடுத்துருங்க, போதும். ஊருக்குப் போய்ட்டு வந்து நான் பாத்துக்கறேன்.”

கோகிலவாணிக்கு முதலில் வந்தது ஆறுதல்தான். குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் இறங்குவதுபோல இறங்கியது. என் தப்பில்லை. ஏற்கெனவே ஓட்டை. சாவியோடு சேர்த்துக் கொடுத்த ஓட்டை. குழந்தைவேலுவிடம்கூடச் சொல்லலாம், பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஆமா என்பார். அதன் பின்னாலேயே கோபம் வந்தது. தெரிந்தே கொடுத்தாளா? ரிவர்ஸ் கடுக்குன்னு இருக்கும்னு சொல்ல நேரம் இருந்தது, இதைச் சொல்ல நேரமில்லையா? தாரணியை ஏற்றிக்கொண்டு கடைவீதி சுற்றி வந்தேனே. கோபம் மேலே ஏறி வந்து, ஏறிய இடத்தில் அப்படியே நின்று, போக வழியில்லாமல் கரைந்தது. ஏனென்றால் ஜெசிந்தாவுக்கும் பகல் பூரா மனசு அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பிரசவ வார்டில் நின்றுகொண்டு, இவள் எந்த வளைவில் இருப்பாளோ என்று. இரண்டு பேரும் ஒரே டயரின் இரண்டு பக்கம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம். கோபமும் போன பிறகு மிச்சம் இருந்தது கையிலிருந்த பொடி மட்டும்தான். யார் தப்பு என்று அதற்குத் தெரியாது. இப்போது இவள் காற்றடித்துக் கொண்டுபோய்விட்டால் யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. காரின் சொந்தக்காரியே சொல்லிவிட்டாள். இவ்வளவு நேரம் இதற்காகத்தானே ஏங்கினாள். கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகு டயர் அப்படியேதான் கிடக்கிறது, விரல் நீளத்துக்கு நூல் தெரிந்துகொண்டு.

“ஜெசிந்தா, எறங்குனது உன்ற காத்து. ஆனா இழுக்குதுன்னு தெரிஞ்சும் நிறுத்தாம ஓட்டுனது நானு” என்றாள். “உள்ள நூலு வெளிய வந்துருச்சு. இதுல திம்பம் ஏறக் கூடாது. மாத்தச் சொல்றேன்.” “அக்கா, நெதானமாத்தான் போவோம்…” “கூடாது ஜெசிந்தா.” அது மருந்து ஜன்னலில் பேசுகிற குரல், அந்தக் குரலுக்கு யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. ஜெசிந்தா, “தெரிஞ்சும் ஏனுங்க்கா நிறுத்துல?” என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கோகிலவாணி சாலையைப் பார்த்தாள். ரோடு சரிவுன்னு நெனச்சேன் என்று சொல்லலாம், அது பக்கத்திலேயேதான் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. “நல்லா இருந்துச்சு” என்றாள். “எதுங்க்கா?” “ஓட்டறது.” அந்தப் பக்கம் பச்சைக் குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. ஜெசிந்தா சிரிக்கிறாளா என்று கோகிலவாணி காது கொடுத்துக் கேட்டாள். சிரிக்கவில்லை. “டயரு பாதி என்ற கணக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு, கூப்பிடறாங்க என்று வைத்துவிட்டாள்.

புது டயர் ஏறிற்று. சோப்புத் தண்ணீரைத் தடவி வால்வில் குமிழி வருகிறதா என்று சின்னராசு இரண்டு முறை பார்த்தார். ஜாக்கி இறங்கியதும் கார் நேராக நின்றது. பழைய டயரை அவர் உருட்டிக்கொண்டுபோய்ச் சுவரோரமாக, ஏழெட்டுப் பழைய டயர்கள் அடுக்கியிருந்த இடத்தில் சாய்த்தார். பட்டன்கள் ஆழமாக, மற்றதையெல்லாம்விட நன்றாகத் தெரிந்தது அதுதான். கோகிலவாணி கார்க் கதவைத் திறந்தாள். உட்காரவில்லை. “அது எங்கீங்க போகும்?” என்று கேட்டாள். “பழைய டயர்காரர் வாரத்துக்கொருக்கா வந்து எடுத்துக்குவாருங்க. பட்டன் நல்லா இருக்கறதை வேணுங்கறவிய வாங்கிப் போட்டுக்குவாங்க.” “இதையுமா?” சின்னராசு டயரைத் திரும்பிப் பார்த்தார். “அறுத்துருங்க” என்றாள் அவள். “ஏனுங்க்கா, அது நாலு காசுக்குப் போகுமுங்க.” “தெரியுமுங்க. பக்கவாட்டுல அறுத்து உடுங்க, ஆரும் போட முடியாத மாதிரி. அதுக்கு என்னன்னு சொல்லுங்க, நாந் தர்றேன்.” அவர் ஒரு நொடி அவளையே பார்த்தார். பிறகு காசெல்லாம் வேண்டாமுங்க என்று முணுமுணுத்துக்கொண்டு மேசைக்கடியிலிருந்து வளைந்த கத்தியை எடுத்து வந்தார். டயரைத் தரையில் கிடத்தி, ஒரு முழங்காலை அதன்மேல் ஊன்றி, நுனியை இறக்கினார். ரப்பர் சுலபத்தில் விடவில்லை. கத்தியை இரண்டு தரம் தண்ணீரில் நனைத்து நனைத்து இழுத்தார். ஒரு முழ நீளத்துக்கு வாய் பிளந்தபோதுதான் அவர் நிமிர்ந்து, “போதுங்களா?” என்று கேட்டார். கோகிலவாணி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். “இன்னொரு பக்கமும்” என்றாள்.